செல் பிரியும் நேரம் தெரிந்தால் பயிரின் குணம் தெரியும்

உழவர்கள் அடிக்கடி கேட்கும் நான்கு கேள்விகள் உண்டு.

"வீரிய ஒட்டுத் தக்காளியில் நல்ல பழமாகப் பொறுக்கி விதை எடுத்து வைத்தேன். அடுத்த போகத்தில் நட்டால் ஒரு செடியைப் போல இன்னொரு செடி இல்லை. காய்ப்பும் குறைந்துவிட்டது. ஏன்?"

"வாழைக்கு மட்டும் விதை இல்லாமல் போனது எப்படி?"

"கடலை விதைத்து மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் அடிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு வாரம் தள்ளிப் போய்விட்டது. அடித்தும் களை சாகவில்லை. மருந்து போலியா?"

"நெல் பொதி கட்டிய சமயத்தில் ஒரு வாரம் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பிறகு தண்ணீர் வந்ததும் பயிர் பச்சைப்பசேல் என்று தேறிக்கொண்டது. ஆனால் அறுத்துப் பார்த்தால் கதிரில் பாதி பதர். இது என்ன மாயம்?"

கேள்விகள் நான்கு. விடை மட்டும் ஒரே இடத்தில் இருக்கிறது. பயிரின் உடலில் செல்கள் எப்படிப் பிரிகின்றன, எங்கே பிரிகின்றன, எப்போது பிரிகின்றன என்று தெரிந்துகொண்டால் இந்த நான்குக்கும் விடை தானே கிடைத்துவிடும். பள்ளிக்கூடப் பாடம்தானே என்று ஒதுக்க வேண்டியதில்லை. இதில் உழவரின் பணமும் உழைப்பும் அடங்கி இருக்கின்றன.

செல் என்பது என்ன?

செங்கல் அடுக்கி வீடு கட்டுவதுபோல எல்லா உயிர்களும் செல்களால் ஆனவை. நெல் இலையானாலும் மாட்டின் தோலானாலும் அப்படியே. ஒரு செல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பயிர்ச் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் உண்டு. உள்ளே கூழ் போன்ற உயிர்ப் பொருளும், அதன் நடுவே உட்கருவும் இருக்கின்றன.

அந்த உட்கருவுக்குள்தான் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பயிர் நெட்டையா குட்டையா, மணி சன்னமா மோட்டாவா, நோயைத் தாங்குமா தாங்காதா என்பன போன்ற எல்லாக் குணங்களும் இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இவை நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நிலப் பத்திரம் மாதிரி. பத்திரம் இல்லாமல் நிலத்துக்கு உரிமை இல்லை. குரோமோசோம் இல்லாமல் செல்லுக்கு வேலை இல்லை.

ஒவ்வொரு பயிருக்கும் இந்த இழைகளின் எண்ணிக்கை நிலையானது. நெல்லுக்கு 24, தக்காளிக்கும் கத்தரிக்கும் 24, மக்காச்சோளத்துக்கு 20, கம்புக்கு 14, வெங்காயத்துக்கு 16, நிலக்கடலைக்கு 40. மனிதனுக்கு 46. இவை சோடி சோடியாக இருக்கும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் வழி வந்தது, மற்றொன்று தந்தை வழி வந்தது. நெல்லில் 12 சோடிகள் என்று கொள்ளுங்கள்.

பாகப் பிரிவினை போல ஒரு வேலை

பயிர் வளர்வது என்றால் செல் பெருத்துக்கொண்டே போவது அல்ல. ஒரு செல் இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. அதன் பிறகே ஒவ்வொன்றும் நீண்டு பருக்கிறது. ஒரு செல் தோன்றி, வளர்ந்து, தானும் இரண்டாகப் பிரியும் வரை உள்ள காலத்தைச் செல் சுழற்சி என்கிறோம்.

இதைக் கிராமத்தில் நடக்கும் பாகப் பிரிவினையோடு ஒப்பிடலாம். இரண்டு பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரிக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தைப் பாதியாக்குவதுபோல இங்கே பத்திரத்தைப் பாதியாகக் கிழிக்க முடியாது. இரு பிள்ளைகளுக்கும் முழுப் பத்திரம் வேண்டும். ஆகவே முதலில் நகல் எடுக்க வேண்டும், அதன் பிறகே பிரிக்க வேண்டும்.

இந்த வேலை நான்கு கட்டங்களில் நடக்கிறது.

முதல் கட்டம் ஜி-1 எனப்படும். புதிதாகப் பிறந்த செல் உணவை எடுத்து வளரும் காலம் இது. மேற்கொண்டு பிரிவதா, அல்லது இலையாகவோ வேராகவோ நிலைத்து நின்றுவிடுவதா என்று செல் முடிவெடுப்பதும் இப்போதுதான். நீர், தழைச்சத்து, வெப்பம் போதாவிட்டால் செல் இங்கேயே நின்று காத்திருக்கும்.

இரண்டாம் கட்டம் எஸ். குரோமோசோம்களுக்கு நகல் எடுக்கும் காலம். ஒவ்வொரு இழையும் இரட்டை இழையாகிறது. இரண்டும் இடையில் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

மூன்றாம் கட்டம் ஜி-2. எடுத்த நகல் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்து, பிழை இருந்தால் திருத்தி, பிரிவுக்கு வேண்டிய பொருள்களைச் சேர்க்கும் காலம். பத்திர எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவதுபோல, சரிபார்த்த பின்பே செல் அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

நான்காம் கட்டம் எம். இதுதான் உண்மையான பிரிவு. இதற்கு மைட்டாசிஸ் என்று பெயர். இதிலும் நான்கு படிகள் உண்டு. முதல் படியில் நூல்போல் கலைந்து கிடந்த குரோமோசோம்கள் சுருண்டு தடித்துத் தனித்தனியாகத் தெரியும். உட்கருவின் உறை கரையும். இரண்டாம் படியில் அவை அனைத்தும் செல்லின் நடுவில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இரு முனைகளிலிருந்தும் மெல்லிய கதிர் நூல்கள் வந்து ஒவ்வொன்றையும் பற்றிக்கொள்ளும். மூன்றாம் படியில் இரட்டை இழைகள் பிரிந்து, ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமுமாக இழுக்கப்படும். நான்காம் படியில் இரு முனைகளிலும் புதிய உட்கரு உருவாகும்.

கடைசியில் நடுவே வரப்புப் போடப்படுகிறது. பயிர்ச் செல்லில் மட்டும் நடக்கும் விந்தை இது. விலங்கின் செல் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோல் நெருங்கி இரண்டாகும். பயிர்ச் செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால் அப்படி நெருங்க முடியாது. ஆகவே நடுவிலிருந்து ஒரு தட்டு உருவாகி, ஓரம் வரை பரவிப் புதிய சுவராகிறது. வரப்புப் போட்டாயிற்று. இனி இரண்டு வயல்கள், இரண்டு பத்திரங்கள், இரண்டும் ஒன்றேபோல.

வெங்காய வேர் நுனியில் இந்தச் சுற்று ஒரு தடவை முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் பெரும் பகுதி ஆயத்த வேலைகளுக்கே போய்விடும். கண்ணுக்குத் தெரியும் பிரிவு சில மணி நேரமே.

இவற்றை மனிதன் அறிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் 1882-ல் மைட்டாசிஸ் என்ற பெயரை வழங்கினார். நகல் எடுப்பது எப்போது என்பது அப்போது தெரியவில்லை. 1953-ல் இங்கிலாந்தில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் மொச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர் நுனிக்குக் கதிர்வீச்சுள்ள பாஸ்பரஸ் கொடுத்து ஆராய்ந்தார்கள். பிரிவுக்கு முன்பே, தனியான ஒரு கால அளவில் நகல் எடுக்கப்படுகிறது என்று கண்டார்கள். இந்தச் சுழற்சியை முடுக்கியும் நிறுத்தியும் வைக்கும் பொருள்களைக் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே பிரிகின்றன?

பயிரில் எல்லாச் செல்களும் பிரிவதில்லை. வேர் நுனி, குருத்து நுனி, கணுவில் உள்ள மொட்டு, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள பசுமையான மெல்லிய அடுக்கு ஆகிய சில இடங்களில் மட்டுமே பிரிவு நடக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மொச்சை விதையை ஈரத் துணியில் முளைக்க வையுங்கள். வேர் ஓர் அங்குலம் வந்ததும் நுனியிலிருந்து மேல் வரை மையால் நெருக்கமாகச் சம இடைவெளியில் கோடுகள் போடுங்கள். மறுநாள் பார்த்தால் நுனியை அடுத்த கோடுகள் மட்டும் விலகிப் போயிருக்கும். மேலே உள்ள கோடுகள் போட்டபடியே இருக்கும். நுனியில் செல் பிரிந்து, அதற்குச் சற்றுப் பின்னால் நீள்கிறது என்பதற்கு இதுவே சான்று. பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாம்.

இதிலிருந்து சில பாடங்கள் உண்டு.

தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். காண்டாமிருக வண்டு குருத்து மட்டையைக் குடைந்தால், விரியும் ஓலையில் விசிறி வெட்டுத் தெரியும். மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் நுனி மொட்டு அழுகிப் போனால் மரமே போய்விடும். பக்கத்தில் கிளைக்க அதற்கு வேறு வழி இல்லை. குருத்தழுகலைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மாடு மேய்ந்த புல் மீண்டும் வளர்கிறது. மேய்ந்த அவரைக் கொழுந்து நுனி வளர்வதில்லை, பக்கக் கிளைதான் வருகிறது. புல் இனத்தில் இலையின் அடிப்பகுதியில் பிரியும் செல்கள் இருக்கின்றன. வளரும் நுனியும் இளம் பருவத்தில் தரையை ஒட்டியே இருக்கிறது. இளம் நெற்பயிரை ஆடு கடித்தாலும் தேறிவிடுவது இதனால்தான். கதிர் உருவாகித் தண்டு எழும்பிய பிறகு கடித்தால் தேறாது.

மா ஒட்டுக் கட்டும்போது பட்டைக்கு அடியில் உள்ள பசுமை அடுக்கு, இரு துண்டுகளிலும் ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அங்கே உள்ள செல்கள்தான் பிரிந்து வெட்டைப் பிணைக்கின்றன. தென்னைக்கும் பனைக்கும் அந்த அடுக்கே கிடையாது. அவற்றில் ஒட்டுக் கட்ட முடியாததற்குக் காரணம் அதுதான்.

விதைக்குள் காத்திருக்கும் செல்

காய்ந்த விதைக்குள் உள்ள செல்களில் பெரும்பாலானவை ஜி-1 கட்டத்திலேயே நின்று உறங்குகின்றன. தண்ணீர் பட்டதும் முதலில் பழுதுகளைச் சரிசெய்துகொள்கின்றன. பிறகு நகல் எடுப்பும் பிரிவும் தொடங்கும். முளை வெளியே வரும் முன்பு விதையை மீண்டும் உலர்த்தினால் அது தாங்கிக்கொள்ளும். மானாவாரி விதைப்புக்கு விதையைக் கடினப்படுத்தும் முறை இந்த அடிப்படையில் அமைந்ததே. ஆனால் வேர் முளை எட்டிப் பார்த்துவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். நெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, 24 மணி நேரம் இருட்டில் முளை கட்டிய பிறகு, மூட்டையை வெயிலில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. முளை காய்ந்தால் பிரியும் நுனி செத்துவிடும்.

களைக்கொல்லி தாமதமானால் ஏன் பலன் இல்லை?

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் நூல்களைப் பற்றிச் சொன்னோம். பெண்டிமெத்தலின் அந்த நூல்கள் உருவாவதைத் தடுக்கிறது. முளைக்கும் களை விதையின் வேர் நுனியிலும் முளை நுனியிலும் செல் பிரிய முடியாமல் போகிறது. நுனி வீங்கித் தடித்து, களை மண்ணை விட்டு வெளியே வராமலே மடிகிறது.

ஒரு வாரம் சென்றால் களை வேர் பிடித்து இலை விட்டிருக்கும். அதன் உடலில் பெரும்பாலான செல்கள் பிரிவு முடிந்து நிலைத்துவிட்டவை. பிரியாத செல்லிடம் இந்த மருந்துக்கு வேலை இல்லை. ஆகவே மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. நாள் தவறியதே காரணம்.

மண்ணில் ஈரம் இருந்தால்தான் மருந்து மேல் மண்ணில் பரவிக் களை விதையைத் தொடும். கடலை விதை அதற்குக் கீழே ஆழத்தில் இருப்பதால் தப்புகிறது. விதையை மேலாகத் தூவி மூடாமல் விட்டால் அதற்கும் கேடு வரும். அளவையும் முறையையும் டப்பாவில் எழுதியுள்ளபடி கடைப்பிடியுங்கள். தெளிப்பவர் கையுறை அணிய வேண்டும், வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும்.

இதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் நம் மண்ணிலேயே விளைகிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் பயிரிடும் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், கால்சிசின் என்னும் பொருளைத் தன் விதையிலும் கிழங்கிலும் வைத்திருக்கிறது. கீல்வாத மருந்துக்காக வாங்கப்படும் பொருள் இது. கால்சிசினும் கதிர் நூல்களைக் குலைத்துவிடும். நகல் எடுத்த குரோமோசோம்கள் பிரிய வழியில்லாமல் ஒரே செல்லில் தங்கி, எண்ணிக்கை இரு மடங்காகிவிடும். 1937-ல் இதைப் பயன்படுத்திச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் முறை வெளியாயிற்று. அன்று முதல் பயிர் ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய கருவி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. செடியின் செல் பிரிவை நிறுத்தும் பொருள் மனிதனின் செல் பிரிவையும் நிறுத்தும். கண்வலிக் கிழங்கின் எல்லாப் பகுதிகளும் கொடிய நஞ்சு. வேறு கிழங்கு என்று எண்ணிச் சமைத்து உண்டால் உயிருக்கே ஆபத்து. விதை காய வைக்கும் களத்தில் குழந்தைகளை விடாதீர்கள். விதை, கிழங்கு வைத்த பைகளை உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள். தெரியாமல் உண்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேரில் முடிச்சு: நல்லதா கெட்டதா?

செல் பிரிவைத் தூண்டிவிட்டுப் பிழைப்பு நடத்தும் உயிர்களும் உண்டு. பயறு, கடலை வேரில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா புகுந்து அங்குள்ள செல்களைப் பிரியச் செய்கிறது. அதனால் உண்டாகும் முடிச்சில் தங்கிக் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கொடுக்கிறது. இது நல்ல முடிச்சு.

கத்தரி, தக்காளி, வெண்டை வேரில் வரும் முடிச்சு வேறு. நூற்புழு வேருக்குள் புகுந்து சில செல்களின் சுழற்சியைக் கெடுக்கிறது. உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிகிறது, நடுவில் வரப்புப் போடப்படுவதில்லை. அதனால் பல உட்கருக்கள் கொண்ட பூதச் செல்கள் உண்டாகின்றன. நூற்புழு அவற்றிலிருந்து உணவை உறிஞ்சிக்கொண்டு இருக்கும். செடி பகலில் வாடும், உரம் போட்டாலும் தேறாது.

அடையாளம் எளிது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு என்பது வேரே வீங்கியிருப்பது. அதைத் தனியே பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட நிலத்தில் கத்தரி, தக்காளியைத் தொடர்ந்து வைக்காமல் பயிரை மாற்ற வேண்டும். செண்டுமல்லிச் சாகுபடி நூற்புழுவைக் குறைக்கும்.

இரண்டாவது வகைப் பிரிவு

இதுவரை சொன்னது நகல் எடுத்துப் பிரியும் முறை. வேரும் தண்டும் இலையும் இப்படி வளர்கின்றன. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது மட்டும் வேறு முறை. அதற்குக் குன்றல் பிரிவு அல்லது மியாசிஸ் என்று பெயர்.

மகரந்தமும் சூலும் சேர்ந்துதான் விதை உருவாகிறது. நெல்லின் மகரந்தத்தில் 24, சூலில் 24 இருந்தால் விதையில் 48 ஆகிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் இரு மடங்கானால் என்ன ஆவது? ஆகவே இங்கே எண்ணிக்கை பாதியாகக் குறைய வேண்டும்.

முதலில் வழக்கம்போல நகல் எடுக்கப்படும். பிறகு தாய் வழி வந்ததும் தந்தை வழி வந்ததும் சோடி சேர்ந்து நெருங்கி நின்று, தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அடுத்துச் சோடிகள் பிரிந்து இரு பக்கமும் போகும். எந்தப் பக்கம் எது போகும் என்பதற்கு ஒழுங்கு இல்லை. திருவுளச் சீட்டுப் போட்ட மாதிரிதான். மீண்டும் ஒரு முறை பிரிந்து மொத்தம் நான்கு செல்கள் உண்டாகும். மகரந்தப் பையில் நான்குமே மகரந்தத் தூள் ஆகும். சூல் பக்கத்தில் மூன்று அழிந்து ஒன்றே நிலைக்கும். ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம்கள்தான்.

ஆக, சாதாரணப் பிரிவு நகல் எடுக்கிறது. குன்றல் பிரிவு சீட்டுக் கலைக்கிறது. இதை நினைவில் வைத்தால் மீதி மூன்று கேள்விகளும் விளங்கும்.

பயிர் தேறியும் பதர் ஆனது ஏன்?

நெல்லில் குன்றல் பிரிவு பொதிக்குள் நடக்கிறது. கதிர் வெளிவருவதற்குச் சுமார் 10 முதல் 12 நாள் முன்பு. அந்தச் சமயம் கடும் வறட்சியோ கடுங்குளிரோ தாக்கினால் இந்த நுட்பமான பிரிவும், அதை அடுத்து மகரந்தம் முதிர்வதும் கெடும். மகரந்தம் உயிரற்றுப் போகும். இலையும் தண்டும் பிறகு தண்ணீர் கண்டதும் தேறிக்கொள்ளும். கெட்டுப்போன மகரந்தம் திரும்ப வராது. பூத்தும் மணி பிடிக்காமல் பதர் ஆகும்.

அந்த நாளைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்பு பூக்கிறது என்று கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். 105 நாள் ரகமானால் 75-ஆம் நாள் வாக்கில் கதிர் வரும். 63 முதல் 65-ஆம் நாள் வாக்கில் குன்றல் பிரிவு. அதற்கும் முன்னால், 45-ஆம் நாள் வாக்கில், கதிரின் கரு உருவாகும். 135 நாள் ரகத்துக்கு முறையே 105, 93 முதல் 95, 75 என்று வரும். இவை விதைத்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு. பருவத்தைப் பொறுத்துச் சில நாள் முன்பின் ஆகலாம்.

வயலில் பார்த்தும் சொல்லலாம். கண்ணாடி இலையின் கழுத்தும், அதற்குக் கீழ் இலையின் கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வரும் நேரம், பொதிக்குள் பிரிவு மும்முரமாக நடக்கும் நேரம். கையில் உள்ள தண்ணீர் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் வரும் என்றால், அதை இந்தப் பருவம் முதல் பூத்து முடியும் வரை உள்ள நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள். தூர் கட்டி முடிந்த பின் சில நாள் காய்ந்தால் பயிர் பொறுக்கும். பொதிப் பயிர் பொறுக்காது. கதிரின் கரு உருவாகும் நாளில் மேலுரம் இடச் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டியதே. அப்போதுதான் கதிரில் பூக்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் செல் பிரிவு நடக்கிறது.

வீரிய ஒட்டு விதையை ஏன் எடுத்து வைக்கக் கூடாது?

இரு வேறு தூய பெற்றோரைச் சேர்த்து உண்டாக்குவது வீரிய ஒட்டு விதை. முதல் தலைமுறையில் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி ஒரு பங்கு தாயிடமிருந்தும் ஒரு பங்கு தந்தையிடமிருந்தும் வருவதால் வயல் ஒரே சீராக இருக்கும். அந்தச் செடி தானே விதை கட்டும்போது குன்றல் பிரிவு சீட்டைக் கலைத்துவிடுகிறது.

தக்காளியில் 12 சோடிகள். இழைகள் துண்டு மாற்றிக்கொள்ளவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சோடி பழையபடி அமைவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு சோடிகளும் பழையபடியே அமைய 4096-ல் ஒரு வாய்ப்பு. துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் அதுவும் இல்லை. எவ்வளவு நல்ல பழமாகப் பொறுக்கினாலும் அதற்குள் இருக்கும் விதைகள் ஒன்றுபோல் இருக்காது. இதில் விதைக் கடையும் ஏமாற்றவில்லை, நிலமும் ஏமாற்றவில்லை.

சாதாரண நெல் ரகம் அப்படி அல்ல. தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை விதை கட்டி வந்ததால் அதன் சோடிகளில் இரண்டும் ஒன்றே போன்றவை. ஒரே மாதிரிச் சீட்டைக் கலைத்தாலும் மாறுதல் இல்லை. ஆகவே கலப்புச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, நல்ல பகுதியில் அறுத்து விதைக்கு வைக்கலாம். கம்பும் மக்காச்சோளமும் பக்கத்து வயல் மகரந்தத்தையும் ஏற்பவை. அவற்றில் ரக விதை எடுப்பதானால் அக்கம் பக்கத்தில் வேறு ரகம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதை வாங்கும்போது பையில் "ரகம்" என்று உள்ளதா "வீரிய ஒட்டு" என்று உள்ளதா என்று படித்துப் பாருங்கள். செலவுக் கணக்கு அதைப் பொறுத்தது.

வாழைக்கு விதை இல்லாத காரணம்

காட்டு வாழைக்கு 22 குரோமோசோம்கள், அதாவது 11 சோடிகள். அதன் பழம் நிறையக் கல் போன்ற விதை. நாம் பயிரிடும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், ரொபஸ்டா ஆகியவற்றுக்கு 33. இரண்டு இரண்டாக நிற்க வேண்டியவை மூன்று மூன்றாக இருக்கின்றன. மூன்றை இரண்டு பங்காகச் சரியாகப் பிரிக்க முடியாது. குன்றல் பிரிவு தடுமாறுகிறது. உயிருள்ள மகரந்தமும் சூலும் பெரும்பாலும் உண்டாவதில்லை. மகரந்தம் சேராமலே காய் பருக்கும் குணமும் இருப்பதால் நமக்குக் கொட்டை இல்லாப் பழம் கிடைக்கிறது. பழத்தின் நடுவே தெரியும் சிறு கரும்புள்ளிகள்தான் விதையாக முடியாமல் போனவை.

ஜப்பானிய அறிஞர் கிஹாரா 1951-ல் வெளியிட்ட விதையில்லாத் தர்ப்பூசணியும் இதே கணக்குத்தான். கால்சிசினால் 22-ஐ 44 ஆக்கி, அதைச் சாதாரணச் செடியோடு சேர்த்து 33 உள்ளதை உண்டாக்கினார். அதனால்தான் அதற்கு ஒவ்வொரு தடவையும் விதை வாங்க வேண்டும்.

வாழையைக் கட்டையிலும், கரும்பைக் கரணையிலும், சின்ன வெங்காயத்தைக் காயிலும் நடுகிறோம். அங்கே நடப்பது சாதாரணப் பிரிவு. ஆகவே தாயின் குணம் மாறாமல் வரும். கோவையில் 1912-ல் தொடங்கிய கரும்பு நிலையத்தில் கனத்த கரும்பையும் காட்டுக் கரும்பையும் சேர்த்துப் பூவிலிருந்து விதை எடுத்துப் புதிய ரகம் கண்டார்கள். அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் நூல் வெளியிட்டவரும் அவரே. புதிய ரகம் காண விதை வேண்டும். கண்ட ரகத்தைக் காக்கக் கரணை வேண்டும்.

ஆனால் நகலில் ஒரு குறையும் உண்டு. தோட்டத்தில் உள்ள ஆயிரம் ரஸ்தாளியும் ஒன்றே போன்றவை என்பதால் ஒன்றை வீழ்த்தும் வாடல் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். தாய்க் கட்டையில் உள்ள முடிக்கொத்து நோயும் கன்றோடு கூடவே வரும். ஆகவே கட்டையை நோயற்ற தோட்டத்தில், தாய் மரம் நின்று குலை தள்ளியதைப் பார்த்து எடுக்க வேண்டும். விலை குறைவு என்று சந்தையில் கிடைத்ததை வாங்கி நட்டால் அந்த நோயையும் சேர்த்துத்தான் நடுகிறோம்.

நினைவில் வைக்க

கட்டை, கரணை, ஒட்டு: தாயைப்போலவே பிள்ளை. தாயைப் பார்த்து எடுங்கள்.

வீரிய ஒட்டு: விதை எடுத்து வைக்க வேண்டாம்.

முளைக்கு முன் அடிக்கும் களைக்கொல்லி: விதைத்த மூன்று நாளுக்குள், ஈரத்தில்.

நெல்: அறுவடை நாளிலிருந்து 40 முதல் 42 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளை வீட்டுச் சுவரில் இருக்கும் நாள்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள். அந்த வாரம் வயலில் தண்ணீர் இருக்கட்டும்.